என் முன்னிலையில்

பத்து மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது, கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது, அதைப் பற்றி இன்றைக்கு நினைப்பதில்லை என்று காரை நிறுத்தும்போதே முடிவு செய்துவிட்டேன். பேனா, முத்திரை, வருகிற ஆளுக்கு ஒரு கோடு போடுகிற தாள். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற இந்த நூலகத்தின் வாசலில், திருப்பிக் கொடுக்கிற புத்தகங்கள் தொப்புத் தொப்பென்று விழுகிற பெட்டிக்குப் பக்கத்தில், சனிக்கிழமைகளில் பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு நான் இருப்பேன். விமலநாதன், ஜே.பி. ஊரில் ஜே.பி. என்றால் கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரை கிடைக்கும், கோயில் நோட்டீசில் பெயர் வரும், செத்தால் மரண அறிவித்தலில் சமாதான நீதவான் என்று தடித்த எழுத்தில் போடுவார்கள். இங்கே கிடைப்பது இந்தக் கதிரையும், பதினொரு மணிக்கு நூலகத்துப் பெண் கொண்டுவந்து வைக்கிற ஒரு தேத்தண்ணியும்தான். அதுவே எனக்குக் காணும். வேலையும் மிகச் சின்ன வேலைதான். ஒருவர் தன் பத்திரத்தோடு வருவார். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், அவர் என் கண் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும், பிறகு அதற்குக் கீழே, என் முன்னிலையில் என்று அச்சடித்திருக்கிற இடத்தில் நான் வைக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது என் பாடு இல்லை. காணியை விற்கட்டும், பெண்சாதியை விலக்கட்டும், யாருக்கு எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கட்டும். ஆளைப் பார்த்தேன், அவ்வளவுதான் நான் சொல்வது. ஆளைப் பார்த்தேன். பார், கடிதத்தின் நினைப்பு வந்துவிட்டது, நான்கு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

முதலில் வருகிறவர் ஒரு தகப்பன். பிள்ளை தாயோடு ஊருக்குப் போவதற்கு அவர் கொடுக்கிற சம்மதக் கடிதம், ஒரு பக்கம் ஸ்பானிய மொழி, மறுபக்கம் இங்கிலீஷ். வெளிநாட்டுப் பத்திரம் என்றால் நான் எடுத்தவுடனே பேனாவைத் திறக்க மாட்டேன், உங்கள் நாட்டில் ஜே.பி.யின் கையெழுத்தை ஏற்றுக்கொள்வார்களா, நொத்தாரிசுதான் வேண்டும் என்பார்களா, தூதரகத்தைக் கேட்டீர்களா என்று கேட்பேன், இல்லாவிட்டால் அந்தக் காகிதம் பாதி உலகத்தைச் சுற்றிப் போய்த் திரும்பி வரும். இவர் கேட்டிருக்கிறார், பதிலை ஃபோனில் காட்டுகிறார். நல்ல மனுசன். பாஸ்போட்டில் தாடி இல்லை, முகத்தில் தாடி இருக்கிறது, கண்ணைப் பார்க்கிறேன், புருவத்தைப் பார்க்கிறேன், அதே ஆள்தான். மெதுவாகக் கையெழுத்து வைக்கிறார், பெயரின் கடைசியில் நீளமாக ஒரு வால். நானும் வைத்து முத்திரையைக் குத்துகிறேன். வாசல் கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது, ஒவ்வொரு தடவையும் யூலை மாதத்துக் குளிர் காலுக்குக் கீழே வருகிறது, இடது கையில் இரண்டு விரல் மரத்துப் போய்விட்டது, தேய்த்தால் வேறு யாருடைய விரலையோ தேய்க்கிற மாதிரி இருக்கிறது. வைத்தியர் கேட்டார், எப்போதிருந்து? மார்ச் மாதத்திலிருந்து என்று சொல்ல வாயெடுத்து, குளிர் தொடங்கின பிறகு என்றேன்.

ஊர்ப் பென்சன் அலுவலகத்தின் கடிதம் வந்து ஒன்பது நாள். எல்லாமாக ஐந்து வரி. ஓய்வூதியர் அமரர் தர்மகுலசிங்கம் அவர்கள் மார்ச் மாதம் பதினாறாம் திகதி தங்கள் முன்னிலையில் உயிருடன் தோன்றியதாகத் தாங்கள் சான்றுபடுத்தியுள்ளீர்கள். அதே பதினாறாம் திகதி அவர் காலமானதாக இறப்புச் சான்றிதழும் கிடைத்துள்ளது. மேற்படி நபரைத் தாங்கள் அன்று நேரில் கண்டீர்களா என்பதைக் கீழுள்ள துண்டில் குறித்து அனுப்பவும். ஆம், இல்லை, இரண்டு சின்னப் பெட்டி. ஊர்ப் பென்சன் எடுக்கிறவர்கள் வெளிநாட்டில் இருந்தால் வருடத்துக்கு ஒருதரம் தாங்கள் செத்துப் போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். உயிரோடு இருக்கிற சான்றிதழ் என்று நாங்கள் சொல்வோம். பென்சன்காரர்கள் இந்த மேசைக்கு முன்னால் வந்து, இன்னும் இருக்கிறன் தம்பி, குத்துங்கோ என்று பகிடி விடுவார்கள், நானும் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி எட்டிப் பார்ப்பேன், வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். தர்மண்ணையும் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தவர். முதல் வாரமே வந்துவிடுவார், கடைசித் திகதி வரைக்கும் விட்டு வைக்கிற ஆள் இல்லை அவர். இந்த மார்ச்சில் வரவில்லை. இந்த மார்ச்சில் அந்தத் தாள் மட்டும் வந்தது.

முப்பத்தொரு வருடப் பழக்கம். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் அவர் காணி அளந்தார், நான் மேசையில் இருந்து படம் கீறினேன். இங்கே வந்த பிறகு இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் ஓடுகிற பட்டியிலிருந்து உடைந்த போத்தல் பொறுக்கினோம். நான் கலியாணம் கட்டாதவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு இருபத்தாறு வருடமாக அவர்கள் வீட்டில்தான், அவருடைய பெண்சாதி மங்கை அக்கா வைக்கிற கணவாய்க் கறி, சாப்பிட்ட பிறகு நானும் அவரும் ஆளுக்கொரு சோபாவில் வாயைப் பிளந்து நித்திரை. மகள் கனடாவுக்குப் போன பிறகு அந்த வீட்டில் மூன்று பேர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெப்ரவரியில் அவரை ஆஸ்பத்திரியில் போட்டார்கள், நுரையீரல். நான் போனேன், ஒருதரம். கட்டிலில் அவருடைய மூக்கும் காதும் இருந்தன, மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையில் அவ்வளவு பலம். டேய் விமலா, நான் செத்துப் போவனோ என்று கேட்டார், காணிக்கு எல்லை எது என்று கேட்கிற அதே குரலில். சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை என்றேன். பிறகு, காரை நிறுத்தின நேரம் முடிஞ்சுது என்று சொல்லி, அந்தக் கையை விரல் விரலாகக் கழற்றி, வெளியே வந்தேன். காருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் காருக்குள்ளேயே இருந்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நான் போகவில்லை. இந்த மேசையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குக் காரில் பத்து நிமிடம்.

பின்னேரம் என்றால் பின்னேரம், காலை என்றால் காலை, போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மங்கை அக்கா ஃபோன் எடுத்தா. விமல், அவற்ற பென்சன் ஃபோம் இந்த மாதத்துக்குள்ள போகோணுமாம், தன்ர வாயாலயே ரெண்டு தரம் சொல்லிப்போட்டார், நாளைக்கு விடியக் கையெழுத்து வைப்பிக்கிறன், நீங்கள் ஒருக்கா வாட்டுக்கு வந்தா ஆளையும் பார்த்த மாதிரி. அதுக்கு ஏன் அக்கா, ஆளை எனக்குத் தெரியாதோ, நாளைக்கு நூலகத்திலதான் இருப்பன், அங்க கொண்டு வாங்கோ என்றேன். உதவி செய்கிற குரலில் சொன்னேன். இப்போது நினைக்கும்போது எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான், பெரிய மனது பண்ணி விதியைத் தளர்த்துகிற குரல். அவ பஸ் பிடித்து வந்தா, பதினாறாம் திகதி பதினொரு மணிக்கு. முன்னால் மூன்று பேர் நின்றார்கள். வரிசை வரிசைதான், தெரிந்தவர் என்று முன்னால் எடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் அவவைக் கண்ணால் பார்த்துத் தலையை ஆட்டினதோடு சரி. பதினொன்று இருபத்தைந்துக்கு அவவுடைய முறை வந்தது. தாளில் அவருடைய கையெழுத்து நடுங்கி நடுங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. என் முன்னிலையில், குத்தினேன். அவ திரும்ப வாட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று ஐம்பது. உயிர் போன நேரம் என்று வைத்தியர் எழுதினது பதினொன்று நாற்பது. நாற்பதிலிருந்து இருபத்தைந்தைக் கழிக்கிறேன், ஐம்பதிலிருந்து நாற்பதைக் கழிக்கிறேன், மூன்று பேரைக் கழித்துப் பார்க்கிறேன், பஸ்ஸைக் கழிக்கிறேன், எப்படிக் கழித்தாலும் அந்த நேரத்தில் அவர் தனியாகக் கிடந்தார் என்றுதான் வருகிறது.

"அண்ணை, தமிழே? நல்லதாப் போச்சு."

முப்பது வயதிருக்கும், தாடி, தோளில் பை. கதிரையில் இருப்பதற்கு முன்னமே காகிதத்தை விரித்துவிட்டார். "ஊரில தம்பிக்கு அற்றோணி குடுக்கிறன், எனக்குப் பதிலா அவன் காணி அலுவல் பார்க்க. இதில ஒரு குத்துக் குத்தி விடுங்கோ."

பார்த்தால் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. எப்ப வைச்சனீங்கள் என்று கேட்டேன். நேற்று வீட்டிலையாம். அப்ப ஏலாது தம்பி, என்ர கண்ணுக்கு முன்னால வைக்கோணும், புதுப் பிரதி ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ என்றேன். என்ர கையெழுத்துத்தானே அண்ணை, நான்தானே முன்னால நிக்கிறன் என்கிறார். நிக்கிறியள், ஆனா வைக்கேக்க நான் பார்க்கேல்லையே. எங்கட ஆக்கள் இருந்தா இப்பிடித்தான் என்று எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்லிக்கொண்டு அச்சுப் பொறி இருக்கிற பக்கம் போகிறார். நான் அவரைக் கோபிக்கவில்லை. சொல்லும்போது என் குரல் எவ்வளவு திடமாக இருந்தது என்பதைத்தான் யோசிக்கிறேன். பார்க்கேல்லையே. ஒரு தடுமாற்றம் இல்லை. வேறு ஒருவன் சொன்னால் காறித் துப்பலாம் போல இருக்கிற வசனத்தை நானே சொல்லிவிட்டு, தாளில் கோடு போடலாமா, திருப்பி அனுப்பின ஆளுக்குக் கோடு உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பயம் வரும் என்று இந்த ஒன்பது நாளும் காத்திருந்தேன். வரவில்லை. காணாத ஆளைக் கண்டேன் என்று கையெழுத்து வைத்தால் இந்த முத்திரை போகும், வழக்கும் வரலாம், எல்லாம் எனக்குத் தெரியும், புதிதாக வருகிற ஜே.பி.மாருக்கு நானே சொல்லிக் கொடுக்கிறவன். துக்கமும் வரவில்லை. செத்த வீட்டில் பெட்டிக்குக் கிட்டப் போகாமல் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் செருப்பு வைக்கிற இடம் காட்டிக்கொண்டிருந்தேன், எல்லோரும் விமல் எவ்வளவு பொறுப்பாக ஓடித் திரிகிறான் என்றார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போகவில்லை, அவவும் கூப்பிடவில்லை. கடையில் வாங்கின பாணைப் பிய்த்துத் தின்றுவிட்டு மூன்று மணிவரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். துண்டில் ஆம் என்று அடையாளம் போட்டால் யாருக்குத் தெரியும்? மங்கை அக்கா ஒரு ஆளுக்குத் தெரியும். அவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அவ சொல்ல மாட்டா என்பதுதான் பெரிய கரைச்சல். ஒன்பது நாளாகப் பேனாவை எடுத்து ஆம் பெட்டிக்கு மேல் பிடிப்பேன், பிறகு இல்லை பெட்டிக்கு மேல் பிடிப்பேன், பிறகு மூடியை மூடி வைத்துவிட்டு முகம் கழுவப் போவேன்.

பன்னிரண்டு பத்துக்குக் கதவு திறக்கிறது, குளிர் வருகிறது, நிமிர்ந்து பார்த்தால் மங்கை அக்கா. நான்கு மாதத்தில் மெலிந்து போனா. முன்னால் ஒருவரும் இல்லை, இருந்தும் இரண்டு அடி தள்ளியே நிற்கிறா.

"இருக்கலாமோ விமல்?"

"இருங்கோ அக்கா."

கைப்பையைத் திறந்து முதலில் பாஸ்போட்டை எடுத்து என் முன்னால் வைக்கிறா. தேவை இல்லை என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. திறந்து படத்தைப் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கிறேன். படத்தில் பொட்டு இருக்கிறது. பிறகு ஒரு சத்தியக் கடதாசி, ஊரில் ஒரு லோயர் தமிழில் அடித்து அனுப்பினது, விதவைப் பென்சனுக்கு. இப்படிப்பட்ட பத்திரம் எத்தனையோ வந்துபோயிருக்கிறது, ஸ்பானியம், சீனம், அரபு, ஒன்றும் எனக்கு விளங்காது, பார்க்க வேண்டிய இடம் கடைசிக் கோடு மட்டும்தான். ஆனால் தமிழைப் பார்த்துக்கொண்டு வாசிக்காமல் இருக்க முடியாது. அதுவும் தன் பெயர் இருக்கிற தமிழை. ஐந்தாவது பந்தி: எனது கணவர் மேற்படி பதினாறாம் திகதி காலை, வைத்தியசாலையில், சமாதான நீதவான் திரு. ச. விமலநாதன் அவர்களின் முன்னிலையில் சுயநினைவுடன் கையொப்பமிட்டார் என்பதையும், அவ்வேளை நான் அருகில் இருந்தேன் என்பதையும்.

"அக்கா, அஞ்சாவதை வாசிச்சனீங்களே?"

"நான்தானே சொல்லி எழுதுவிச்சனான்."

"நான் வரேல்லையே அக்கா."

"வரேல்லை எண்டு எனக்குத் தெரியாதே?" குரலில் கோபம் இல்லை, கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்கிறா. "எனக்கும் கடிதம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். இப்பிடி எழுதினா ரெண்டு பேருக்கும் கரைச்சல் இல்லை எண்டு லோயர் சொன்னவர். உங்கட ஜே.பி. போனா என்ன செய்வியள்? விமலுக்கு அந்தக் கதிரையை விட்டா ஒண்டும் இல்லை எண்டு உங்கட அண்ணை, அவரே சொல்லுறவர்."

அவரே சொல்லுறவர். நான் பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன், திரும்பப் போடுகிறேன். இப்போது நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, வருடக்கணக்காக வாய்ப்பாடு மாதிரிச் சொல்லி வருகிற கேள்வி, இந்தக் கடதாசியில் இருப்பதெல்லாம் உண்மை என்று சத்தியம் பண்ணுகிறீர்களா. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவ, பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தில் விழுந்த காயைக்கூடக் கேட்டு எடுக்கிறவ, கையை நெஞ்சில் வைத்து, கதிர்காமத்தானை நினைச்சுச் சொல்லுறன் கேளுங்கோ என்கிறா. அன்றைக்கு என்னுடைய பயத்துக்காக இவ பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றா. இன்றைக்கு என்னுடைய கதிரைக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணப் போகிறா. இவவை இன்னும் எத்தனை தரம் பஸ் ஏற வைப்பேன்? வெட்கமாக இருக்கிறது. நான்கு மாதத்தில் முதல்முதலாக ஏதோ ஒன்று இருக்கிறது, அது வெட்கம், காதுவரைக்கும் சூடாக இருக்கிறது.

"கேளுங்கோ விமல். பின்னால ஆள் வந்திட்டுது."

புதுப் பிரதியோடு அந்தத் தாடிக்காரர் வந்து நிற்கிறார். ஒரு நிமிசம் தம்பி என்கிறேன். அடிமட்டத்தை எடுத்து வைத்து, ஐந்தாவது பந்தியை ஒவ்வொரு வரியாக வெட்டுகிறேன். படம் கீறின கை, கோடு நேராக விழுகிறது.

அவ தாளைப் பிடித்துவிட்டா. "என்ன செய்யிறியள்? என்ர அலுவலும் இழுபடும், உங்கட பேரும் போகும்."

"போகட்டும் அக்கா. உங்கட அலுவல் கொஞ்சம் இழுபடும், நான் எழுதி அனுப்பினா சரிவரும். பிழை என்னிலதான், அவரிலயும் இல்லை, உங்களிலயும் இல்லை. வெட்டின இடத்தில ஓரமாச் சின்னக் கையெழுத்து வையுங்கோ."

தாளில் பிடித்த கையை எடுக்கிறா. பிறகு வைக்கிறா. பக்கத்தில் நானும் வைக்கிறேன். மிச்சம் எல்லாம் உண்மையோ என்று கேட்கிறேன். உண்மை. சத்தியமாய்? சத்தியமாய். கீழே முழுப் பெயரையும் எழுதுகிறா, மங்கையர்க்கரசி தர்மகுலசிங்கம், கொம்பும் சுழியும் ஒன்றுகூடத் தவறாமல், நான் கண் எடுக்காமல் பார்க்கிறேன். முத்திரையைக் குத்துகிறேன். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவவுக்கு முன்னாலேயே துண்டில் இல்லை என்ற பெட்டியில் அடையாளம் போடுகிறேன். போட்ட பிறகுதான் தெரிகிறது, அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது, இல்லையெனின் காரணம். ஒன்பது நாளில் எத்தனை தரம் வாசித்திருப்பேன், இல்லைக்குக் கீழே கண் ஒருநாளும் போகவில்லை.

அவ கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்து எழும்புகிறா. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிறேன்.

"அக்கா, அண்ணை என்னைக் கேட்டவரே?"

கைப்பையின் சிப்பை இழுத்து முடிக்கிறா.

"ஒவ்வொரு நாளும் கேட்டவர், விமல் வாறானோ எண்டு. கடைசி மூண்டு நாளும் கேக்கேல்லை. நான்தான் கேட்டன், திரும்ப ஒருக்கா ஃபோன் பண்ணட்டோ எண்டு. வேண்டாம், அவனுக்குப் பயமாயிருக்கும், விடு எண்டவர்."

போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிறா. கதவு திறந்து மூடுகிறது. தாடிக்காரர் வந்து இருந்து, அண்ணை, இப்ப வைக்கட்டோ என்கிறார், பொறுங்கோ தம்பி என்கிறேன், தாள் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போடுகிறேன், பிறகும் தெரியவில்லை. தெரிகிற மட்டுக்கும் குனிந்து, காரணம் என்ற இடத்தில், பயத்தினால் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதி, கீழே என் பெயரை வைக்கிறேன்.